முகாமில் இயந்திரம் தந்த கண் பரிசோதனைச் சீட்டை நம்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுவதால் அவர் மருத்துவமனைப் பக்கம் அதிகம் போவதில்லை. சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த இலவச முகாமில் ஒரு பெண் ஊழியர் கேமரா மூலம் அவருடைய கண்களைப் படம் எடுத்தார். ஐந்தே நிமிடத்தில் செயற்கை நுண்ணறிவு தந்த முடிவு என்று ஒரு சீட்டைக் கொடுத்து, ஓராண்டு கழித்து வரச் சொன்னார்கள். சீட்டின் படத்தை இணைத்துள்ளேன். ஆனால் நாளிதழ் படிக்கும்போது நடுவில் எழுத்து கலங்கித் தெரிகிறது என்று அப்பா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இயந்திரமே ஒன்றும் இல்லை என்ற பிறகு வீண் அலைச்சல் எதற்கு என்கிறார் அம்மா. என் தம்பியோ அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை ஓர் உரையாடல் செயலியில் பதிவேற்றி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும் என்று அது சொல்வதாகப் பிடிவாதம் பிடிக்கிறான். பணம் இருப்பவர்களுக்கு டாக்டர், நம்மைப் போன்றவர்களுக்கு இயந்திரமா என்ற வருத்தமும் எனக்கு உண்டு. எடுத்த படங்கள் எங்கே போகும் என்றும் தெரியவில்லை. வழிகாட்டுங்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தங்கள் தந்தையாரை இந்த வாரத்துக்குள், முடிந்தால் நாளையே, விழித்திரை மருத்துவர் இருக்கும் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்ற கேள்விகளுக்கான பதிலைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம். இதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்.

காரணம், தாங்கள் அனுப்பிய சீட்டிலேயே இருக்கிறது. அதில் இரண்டு வரிகள் உள்ளன. இடது கண்ணுக்கு நேராக ‘மேல் பரிசோதனை தேவையில்லை’ என்றும், வலது கண்ணுக்கு நேராக ‘படம் தரமாக இல்லை, மதிப்பிட இயலவில்லை’ என்றும் அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே, பேனாவால் ‘ஓராண்டு’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அம்மா நினைப்பதைப் போல இயந்திரம் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கண்ணைப் பற்றித்தான் அது கருத்துக் கூறியிருக்கிறது. மற்றொரு கண்ணைத் தன்னால் பார்க்கவே முடியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. தந்தையார் நாளிதழைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தால், கலங்கித் தெரிவது எந்தக் கண் என்பது உடனே தெரிந்துவிடும். அது வலது கண்ணாக இருந்தால் எனக்கு வியப்பாக இராது. இடது கண்ணாக இருந்தாலும், சீட்டில் உள்ள வாக்கியத்தைக் காட்டி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

முகாம்களில் பெரும்பாலும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடாமல்தான் படம் எடுப்பார்கள். பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ள முதியவர்களுக்குக் கண்மணி சரியாக விரியாது; அந்தச் சிறு துளை வழியாகக் கேமராவின் ஒளி போய்த் திரும்புவது கடினம். கண்புரை தொடங்கியிருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். இவை இரண்டும் அவ்வளவு அவசரமான காரணங்கள் அல்ல. ஆனால் விழித்திரையில் புதிதாக முளைத்த பலவீனமான இரத்தக் குழாய் உடைந்து கண்ணுக்குள் கசிவு ஏற்பட்டிருந்தாலும் படம் இதே போல மங்கலாகத்தான் வரும், சீட்டிலும் இதே வரிதான் அச்சாகும். படம் எடுக்க முடியாத கண்களில் நோய் இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், மதிப்பிட இயலாத கண்ணை நோய் ஐயமுள்ள கண்ணாகக் கருதி மருத்துவரிடம் அனுப்புவதே முறை. அந்த முறையை அங்கே யாரோ மீறியிருக்கிறார்கள். கூட்ட நெரிசலில் நேர்ந்த கவனக்குறைவாக இருக்கலாம்; ஆனாலும் தவறு மென்பொருளுடையதன்று, அதன் முடிவை எடுத்துச் சொன்ன கையினுடையது. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம், மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு சறுக்கும் இடங்களில் பல இப்படிப்பட்டவைதான்.

இதற்கு வெளியுலகில் நன்கு பதிவான ஓர் எடுத்துக்காட்டு தாய்லாந்தில் உண்டு. கூகுள் நிறுவனம் உருவாக்கிய விழித்திரைப் பரிசோதனை மென்பொருளை அந்நாட்டின் 11 ஆரம்ப நிலை மருத்துவமனைகளில் செவிலியர்கள் பயன்படுத்தியபோது என்ன நடந்தது என்பதை, அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2020இல் வெளியிட்டனர். எடுக்கப்பட்ட படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரமில்லை என்று மென்பொருள் ஏற்க மறுத்துவிட்டது. அங்கே பல மருத்துவமனைகளில் படம் எடுப்பதற்கென இருட்டறை கிடையாது; இணைய வேகமும் போதவில்லை. செவிலியரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படத்தைக்கூட இயந்திரம் தள்ளியதால், நோயாளிகள் வேலையை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அலைய நேர்ந்தது. ஆய்வகத்தில் மருத்துவர்களுக்கு இணையாக நின்ற மென்பொருள், வெளிச்சம் புகும் ஓர் அறையில் தடுமாறியது. தங்கள் ஊர்ப் பள்ளி வகுப்பறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்களா என்று தந்தையாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி, இந்த இயந்திரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது, நுண்ணிய இரத்தக் குழாய்களில் முதலில் கடுகினும் சிறிய புடைப்புகள் தோன்றும்; பிறகு சிவப்புப் புள்ளிகளாக இரத்தக் கசிவும், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகளும் சேரும். இந்தக் கட்டம் வரை நோயாளிக்குப் பார்வையில் குறை எதுவும் தெரியாமல் இருக்கலாம் என்பதால்தான், குறை இல்லாதவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்த படங்களைப் பெரும் எண்ணிக்கையில் காட்டி, இந்த அடையாளங்களைக் கணினி தானே கற்கும்படி செய்திருக்கிறார்கள். 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்த கூகுள் ஆய்வில் 1,28,175 படங்கள் இதற்குப் பயன்பட்டன. 54 மருத்துவர்கள் அவற்றைத் தரம் பிரித்தனர். படங்கள் அமெரிக்காவிலிருந்து மட்டுமல்ல, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலிருந்தும் பெறப்பட்டன. ஆகவே, இது எங்கோ வெளிநாட்டார் கண்களை மட்டும் பார்த்துப் பழகிய இயந்திரம் என்ற ஐயம், குறைந்தபட்சம் இந்த ஒரு மென்பொருளைப் பொறுத்தவரை, பொருந்தாது. முகாம்களில் வேறு பல நிறுவனங்களின் மென்பொருள்களும் பயன்படுகின்றன. எது பயன்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தங்கள் உரிமை.

அந்த ஆய்வில் தவறவிடாமல் நோயைப் பிடிக்கும்படி அமைத்தபோது, மென்பொருள் நோயுள்ளவர்களில் 96 முதல் 97.5 சதவீதம் வரையிலானவர்களைக் கண்டுபிடித்தது. அதுவே அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டபோது (முடிவு 2019இல் வெளியானது) அரவிந்தில் சுமார் 89 சதவீதம், சங்கர நேத்ராலயாவில் சுமார் 92 சதவீதம் என்று இறங்கியது. விளம்பரத்தில் முதல் எண்தான் வரும். நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது எண். ஆனால் அதே சோதனையில், அங்கே கையால் தரம் பிரித்த மனிதர்களின் திறன் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, 73 முதல் 90 சதவீதம் வரை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனிதக் கண் என்றால் தவறாது என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை.

இந்த எண்கள் ஒரு முகாமில் எப்படி வேலை செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகள் ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் நூறு பேருக்கு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்கு விழித்திரை பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரவிந்தில் கிடைத்த அளவின்படி இயந்திரம் 89 பேரைப் பிடிக்கும், 11 பேரைத் தவறவிடும். நோயில்லாத 900 பேரில், அங்கே கிடைத்த மற்றோர் அளவின்படி, 92 சதவீதத்தினரை நோயில்லை என்று சரியாக அனுப்பிவிட்டு, ஏறத்தாழ 72 பேரைத் தேவையில்லாமல் மருத்துவரிடம் போகச் சொல்லும். அதாவது, ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்ற சீட்டைப் பெறும் 161 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இராது. ஆகவே அந்தச் சீட்டைக் கண்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. ‘தேவையில்லை’ என்ற சீட்டைப் பெறும் 839 பேரில் 11 பேருக்கு நோய் இருக்கும். நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு என்பதால் இது நம்பத்தக்க பதில்தான். ஆனால் யாருக்கு? பார்வையில் எந்தக் குறையும் இல்லாமல் வரிசையில் நிற்பவருக்கு. எழுத்து கலங்குகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அந்த 839 பேரின் சராசரிக்குள் அடங்கமாட்டார். குறை தோன்றிய கணமே அவர் முகாமுக்குரியவர் என்ற நிலையிலிருந்து மருத்துவமனைக்குரியவர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறார்.

அதோடு, இயந்திரத்திடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி: இந்தப் படத்தில் சர்க்கரை நோயால் வந்த விழித்திரை பாதிப்பு தெரிகிறதா? கண்ணின் நீர் அழுத்தம் என்ன, கண் நரம்பு தேய்கிறதா, கண்ணாடி எண் மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் அது பார்க்கவில்லை. குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் முற்றிய நிலையில் இருக்கும் ஒருவருக்கும் ‘மேல் பரிசோதனை தேவையில்லை’ என்று அதே சீட்டு வரக்கூடும். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்து வீங்குவதைத் தட்டையான ஒரு படத்தில் கணிப்பதும் எளிதல்ல, அதற்கு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் வேண்டும். நடுவில் கலங்கித் தெரிவது என்று தந்தையார் சொல்வது எனக்கு முதலில் நினைவூட்டுவது இந்த வீக்கத்தைத்தான். அதுவாக இருந்தால், கண்ணுக்குள் செலுத்தும் ஊசி, தேவைப்பட்டால் லேசர் என்று நல்ல சிகிச்சைகள் உள்ளன. காலம் தாழ்ந்தால் பலன் குறையும். புறப்படும் முன் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே, கண்ணாடி அணிந்தபடியே பார்க்கச் சொல்லுங்கள். நேரான கம்பி நடுவில் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை இறங்கியது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போயாக வேண்டும். மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். எனவே அவர் இரு சக்கர வாகனத்தைத் தாமே ஓட்டிச் செல்லாமல், தம்பியை உடன் அனுப்புங்கள்.

பணம் இருப்பவர்களுக்கு டாக்டர், நமக்கு இயந்திரமா என்ற தங்கள் வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் மருத்துவரே பார்ப்பதென்றால், நாட்டில் உள்ள கண் மருத்துவர்கள் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. ஆகவே முகாமுக்கு வரும் பெரும்பாலோர் முன் இருக்கும் தேர்வு, இயந்திரம் பார்ப்பதா, யாருமே பார்க்காமல் விடுவதா என்பதுதான். இதில் முதலாவது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வாதத்தைச் சொல்லிச் சொல்லியே மருத்துவர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கும் வழியிருக்கிறது. அதை நான் ஏற்கமாட்டேன். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, பிற்காலத்தில் கிராமப்புறங்களில் பார்வை மையங்களை அமைத்தபோது, அங்கே பயிற்சி பெற்ற பெண் ஊழியர் பரிசோதிக்க, தலைமை மருத்துவமனையில் உள்ள மருத்துவர் இணையம் வழியே நோயாளியிடம் நேரடியாகப் பேசும் ஏற்பாட்டைச் செய்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குள் வந்து அமரும்போது அதற்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருக்கிறார், அறுவைக் கூடம் இருக்கிறது, பேருந்து ஏறிப் போனால் சிகிச்சை கிடைக்கும் இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கேமராவை வைத்துச் சீட்டுகளை அச்சிட்டுவிட்டு மறுநாள் காணாமல் போகும் முகாமில் இவற்றில் எதுவும் இல்லை. இரண்டிலும் இருப்பது ஒரே மென்பொருளாகக்கூட இருக்கலாம்.

பணம் உள்ளவர்களும் இதிலிருந்து தப்பியவர்கள் அல்லர் என்பதை ஒரு சிறு குறிப்பாகச் சேர்க்கிறேன். போலந்து நாட்டில் நான்கு மையங்களில், பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்த்தபோது கட்டிகளைக் கண்டறிந்த விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்திருந்தது. இது 2025இல் வெளியான ஆய்வு. பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் முதலில் தாங்கள் பார்த்து முடிவை எழுதிவிட்டு, அதன் பிறகுதான் மென்பொருளின் முடிவைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. பல இடங்களில் நேர்மாறாகவே நடக்கிறது.

தங்கள் தம்பி செய்தது வேறு வகை. முகாமில் இருந்த மென்பொருள் ஒரே வேலைக்காகப் பழக்கப்பட்டு, அந்த வேலையில் சோதிக்கப்பட்டது. உரையாடல் செயலி எதைக் கேட்டாலும் தடையில்லாமல் பதில் எழுதக்கூடியது. தெரியாத இடத்திலும் அதன் நடையில் தயக்கம் தெரியாது. மெட்ஃபார்மின் பற்றி அது சொன்னது முழுக்கக் கற்பனையும் அல்ல. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு (அறிக்கையில் eGFR என்றிருக்கும்) 45க்குக் கீழே போனால் அம்மாத்திரையின் அளவைக் குறைப்பதும், 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழக்கம்தான். ஆனால் அறிக்கையில் உள்ள எண் ஒரு நாள் எண்ணா, மூன்று மாதமாக அப்படியே இருப்பதா, அன்று வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்திருந்ததா, இரத்த அழுத்தத்துக்கு வேறென்ன மாத்திரை உட்கொள்கிறார் என்பதை அது கேட்டதா? கேட்காமல் ஒரு மருந்தைக் குறைத்தால் சர்க்கரை ஏறும். ஏறினால் அதே விழித்திரைதான் மேலும் கெடும். சாப்பாட்டு உப்புக்கு மாற்று தேடிய 60 வயது அமெரிக்கர் ஒருவர், இத்தகைய செயலியிடம் கேட்டறிந்த பின், சோடியம் புரோமைடை மூன்று மாதம் உணவில் பயன்படுத்தி, புரோமைடு நஞ்சேறி மனக்குழப்பத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வு 2025இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

எனினும் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவருடைய அக்கறையைப் பயனுள்ள பக்கம் திருப்பலாம். அந்தச் செயலியிடம் ‘என்ன மாத்திரை தரலாம்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த அறிக்கையை வைத்து மருத்துவரிடம் நான் கேட்க வேண்டியவை என்ன’ என்று கேட்டால் நல்ல பட்டியல் கிடைக்கும். கிரியாட்டினின், ஹெச்பிஏ1சி போன்ற பெயர்களின் பொருளை எளிய தமிழில் விளக்கவும் அது உதவும். பதிவேற்றும் முன் பெயர், கைபேசி எண், ஆய்வகத்தின் அடையாள எண் மூன்றையும் மறைத்துவிட வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றுவது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் பொறுப்பு; வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் சொன்னால்கூட அவர் தகவலை அங்கே சேர்ப்பார்.

கடைசியாக, படங்கள். விழித்திரைப் படம் தாங்கள் நினைப்பதைவிட அதிகம் பேசும். 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்தே அது ஆணுடையதா பெண்ணுடையதா என்பதைக் கணினி பெரும்பாலும் சரியாகச் சொன்னது. வயதைச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாட்டில் கணித்தது. புகைப்பவரா என்பதையும் ஓரளவு ஊகித்தது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள கண் மருத்துவராலும் படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கண் நோய்க்காகத் தந்த படத்திலிருந்து நாளை இதய நோய் வாய்ப்பைக் கணித்து, அதை ஒரு காப்பீட்டு நிறுவனம் கையாளலாம் என்ற அச்சம் அதனால் வீணானதன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள், நோயாளியின் அறிந்த ஒப்புதலையும், தரவின் அந்தரங்கத்தையும், இறுதி முடிவில் மனிதக் கண்காணிப்பையும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பதையும் வலியுறுத்துகின்றன. அவை வழிகாட்டுதல்களே தவிரச் சட்டம் அல்ல. அதே ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு பெறப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழிவகுக்கிறது. முகாமை நடத்தியவர்களின் முகவரி சீட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. தந்தையார் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: படம் எங்கே சேமிக்கப்பட்டுள்ளது, எத்தனை காலம் இருக்கும், மென்பொருளை மேம்படுத்தவோ ஆராய்ச்சிக்கோ பயன்படுத்தப்படுமா, அதற்கு அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள். அதே கடிதத்தில், வலது கண்ணை மதிப்பிட முடியாத நிலையில் ‘ஓராண்டு’ என்று எழுதியது யார், அன்று அதே குறிப்புடன் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களை மீண்டும் அழைக்கப் போகிறீர்களா என்றும் கேளுங்கள். தந்தையாருக்குத் தாங்கள் இருக்கிறீர்கள். அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் இருந்திருக்காது.